ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு வெனீர் தேர்ந்தெடுத்தல்

வெனீர் என்பது மரத்திலிருந்து மிக மெல்லியதாகச் சீவி எடுக்கப்படும் இயற்கையான மர ஏடு ஆகும். வீட்டில் இசை கேட்கப் பயன்படும் ஒலிபெருக்கிகளின், அதாவது ஸ்பீக்கர்களின், பெட்டிகள் பெரும்பாலும் முழு மரத்தால் செய்யப்படுவதில்லை. எம்.டி.எஃப். எனப்படும் நடுத்தர அடர்த்தி இழைப்பலகையாலோ பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகையாலோ பெட்டி செய்யப்பட்டு, அதன்மேல் வெனீர் ஒட்டப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும் தேக்கும் வால்நட்டும் பொதுவாக அரை மில்லிமீட்டர் அளவுக்கே இருக்கும்.

எந்த மரத்தின் ஏட்டைத் தேர்ந்தெடுப்பது என்னும் கேள்வி பலரால் ஒலித்தரத்தோடு சேர்த்துப் பார்க்கப்படுகிறது. உண்மையில் மரத்தின் வகை ஒலியை மாற்றுவது மிகக் குறைவு. பெட்டியின் தோற்றம், அது வளையாமல் நிலைத்திருக்கும் காலம், அந்த மரம் வந்த காடு ஆகிய மூன்றுமே இத்தேர்வில் அடங்கியுள்ளன. ஆனைமலைத் தேக்கும் ஈட்டியும் அருகிலுள்ள கோயம்புத்தூர்ப் பகுதிக்கு மூன்றாவது செய்தி மிகவும் நெருக்கமானது.

வெனீரும் அதைப் போன்ற பிற மேற்பரப்புகளும்

மரம் போலத் தோன்றும் மேற்பரப்புகள் எல்லாம் வெனீர் அல்ல. கடைகளில் நான்கு வகைகள் கிடைக்கின்றன.

முதலாவது இயற்கை வெனீர். ஒரே மரத்தில் அடுத்தடுத்துச் சீவிய ஏடுகளில்கூடக் கோலம் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே போகும்.

இரண்டாவது மறுசீரமைப்பு வெனீர். விரைவில் வளரும் மரங்களின் ஏடுகளுக்குச் சாயமேற்றி, அவற்றை அடுக்கி ஒட்டிக் கட்டையாக்கி, மீண்டும் சீவி எடுப்பது இது. இதுவும் உண்மையான மரமே. ஆனால் கோலம் திட்டமிட்டு உருவாக்கப்படுவதால் தகட்டுக்குத் தகடு மாறாது.

மூன்றாவது சன்மைக்கா என்ற பெயரில் வழங்கும் லேமினேட். மரக்கோலம் அச்சிட்ட காகிதத்தைப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்யப்படுவது. கீறலையும் ஈரத்தையும் நன்கு தாங்கும்.

நான்காவது பிளாஸ்டிக் படலம். விலை குறைந்த ஆயத்த ஒலிபெருக்கிகள் பலவற்றில் ஒட்டப்பட்டிருப்பது இதுவே.

இவற்றை வேறுபடுத்தி அறிய எளிய வழி உண்டு. பெட்டியின் மேற்பலகையில் ஓடும் ரேகைகள் அதன் பின்விளிம்பு வரை இயல்பாகச் செல்கின்றனவா என்று பார்க்கலாம். ஒரே முடிச்சு ஒரே வடிவில் இரண்டு மூன்று இடங்களில் திரும்ப வந்தால் அது அச்சிட்ட கோலம். விரலால் தடவும்போது மரத்துளைகளின் பள்ளம் ரேகையோடு ஒத்துப்போகாவிட்டாலும் அது அச்சாகவே இருக்கும்.

வரலாறு

விலையுயர்ந்த மரத்தை மெல்லிய ஏடாக்கி, சாதாரண மரத்தின்மேல் ஒட்டும் கலை பண்டைய எகிப்திலேயே இருந்தது. துட்டன்காமுன் கல்லறையில் கிடைத்த பொருள்களில் இவ்வேலைப்பாடு காணப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டில் வால்வு வானொலிகளும் ரேடியோகிராம்களும் வெனீர் ஒட்டிய மரப்பெட்டிகளில் வந்தன. அவை கூடத்து மேசை நாற்காலிகளோடு சேர்ந்து அறைகலனாகவே கருதப்பட்டன.

1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் உருவாக்கிய ஏ.ஆர்.-1 ஒலிபெருக்கி, மூடிய சிறு பெட்டியிலிருந்தே ஆழ்ந்த தாழ்சுருதியைப் பெற முடியும் என்று காட்டியது. அதன்பின் அலமாரித் தட்டில் வைக்கத்தக்க ஒலிபெருக்கிகள் பரவின. கண்பார்வை உயரத்திலேயே பெட்டி இருந்ததால் அதன் மேற்பரப்பும் முக்கியத்துவம் பெற்றது. பின்னர் எம்.டி.எஃப். பலகை பரவியபோது வெனீர் ஒட்டச் சமதளமான, முடிச்சில்லாத அடித்தளம் கிடைத்தது.

ஒலியில் வெனீரின் பங்கு

வீணையின் குடத்துக்குப் பலாமரம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. மிருதங்கத்தின் கட்டைக்கும் பலாவே சிறப்பு. இசைக்கருவியில் மரமும் சேர்ந்து அதிர்ந்து ஒலிக்கு நிறம் தர வேண்டும். இதை அறிந்தவர்கள், நல்ல மரத்தால் மூடிய ஒலிபெருக்கியும் இனிமையாகப் பாடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் ஒலிபெருக்கிப் பெட்டியின் வேலை இதற்கு நேர்மாறானது. கூம்பும் ட்வீட்டரும் மட்டுமே ஒலிக்க வேண்டும். பெட்டி அமைதியாக இருக்க வேண்டும். பெட்டியும் சேர்ந்து அதிர்ந்தால், பதிவில் இல்லாத ஒலி ஒன்று கூடுதலாகக் கேட்கும்.

பெட்டியின் அதிர்வை முடிவு செய்பவை பலகையின் தடிமன், உள்ளே வைக்கும் குறுக்குத் தாங்கிகள், மூட்டுகளின் இறுக்கம், உள்முகத்தில் ஒட்டும் அதிர்வுத் தணிப்புப் பொருள் ஆகியவை. 18 மி.மீ. பலகையில் 0.5 மி.மீ. ஏடு அதன் தடிமனில் சுமார் 3 விழுக்காடுதான். ஆயினும் ஏடு முற்றிலும் செயலற்றது என்றும் சொல்ல முடியாது. மரம் அதன் நார் ஓடும் திசையில் எம்.டி.எஃப்.-ஐவிடப் பல மடங்கு விறைப்பானது. எனவே பலகையின் இரு முகங்களிலும் இறுக ஒட்டிய ஏடு, நார்த்திசையில் அதன் விறைப்பைக் கூட்டும். இப்பயன் இரு முகங்களிலும் ஒட்டுவதால் கிடைப்பது. தேக்குக்குப் பதிலாக ஈட்டியை ஒட்டினால் இசை மாறிவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு இதில் இடமில்லை.

ஆகவே செலவுக்கு வரம்பு இருக்கும்போது, அரிய மர ஏட்டுக்கு ஒதுக்கும் தொகையை நல்ல ஒலியலகுகளுக்கும், பிரிப்பான் சுற்றுக்கும், தடித்த பலகைக்கும் செலவிடுவது காதுக்குப் பயன் தரும்.

ஏடு சீவும் முறைகள்

ஒரே மரத்திலிருந்து எடுத்த ஏடுகள் வெவ்வேறாகத் தோன்றுவதற்குச் சீவும் முறையே காரணம்.

உருட்டிச் சீவுதல்: பென்சில் துருவி போல, கட்டையைச் சுழற்றித் தொடர்ச்சியான சுருளாக எடுப்பது. கோலம் அகன்று பரவிக் கிடக்கும். ஒட்டுப்பலகையின் உள்ளடுக்குகள் பெரும்பாலும் இவ்வாறு பெறப்படுகின்றன.

தட்டைச் சீவல்: கட்டையின் ஒரு பக்கத்திலிருந்து இணையாகச் சீவுவது. நடுவில் கோபுரம் கோபுரமாக அடுக்கிய வளைகோடுகள் தோன்றும்.

கால் சீவல்: கட்டையை நான்காகப் பிளந்து, ஆண்டு வளையங்களுக்கு ஏறத்தாழச் செங்குத்தாகச் சீவுவது. ரேகைகள் நேர்கோடுகளாக வரும். ஓக், சில்வர் ஓக் போன்ற மரங்களில் பளபளக்கும் கதிர்த் திட்டுகளும் தெரியும்.

சீவும் முறையைப் பெட்டியின் அளவோடு பொருத்திப் பார்க்க வேண்டும். 20 செ.மீ. அகலமுள்ள சிறு பெட்டியில் பெரிய கோபுரக் கோலத்தின் ஒரு துண்டு மட்டுமே விழும். அது வெட்டுப்பட்ட படம் போல இருக்கும். அத்தகைய பெட்டிக்கு நேர்ரேகை பொருந்தும். தரையில் நிற்கும் ஒரு மீட்டர் உயரப் பெட்டியின் பக்கப் பலகையில் கோபுரக் கோலம் முழுமையாக அமைய இடமுண்டு.

மர வகைகள்

தேக்கு: கொங்கு வீடுகளின் நிலைக்கதவுகளுக்கும் கட்டில்களுக்கும் பழக்கமான நிறம் இது. புதிதாகச் சீவிய தேக்கில் திட்டுத்திட்டாக நிறவேறுபாடு இருக்கலாம்; ஒளி பட்டபின் பெரும்பாலும் பொன்பழுப்பாகச் சமன்படும். தேக்கின் இயற்கை எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாமல் தடுக்கக்கூடும். எனவே ஒட்டுமுன் ஏட்டைக் கரைப்பானால் துடைப்பது வழக்கம். வணிகத்தில் ‘பர்மா தேக்கு’ என்ற பெயர் தாராளமாக வழங்குகிறது. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் உருண்டை மர ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அதனால் அப்பெயரை மட்டும் நம்பிக் கூடுதல் விலை தருவதற்குமுன் மரத்தின் மூலத்தைக் கேட்டறிவது நல்லது.

ஈட்டி: தோதகத்தி என்றும் ரோஸ்வுட் என்றும் அழைக்கப்படும். ஊதா கலந்த கரும்பழுப்பில் கருங்கோடுகள் ஓடும். அடர்த்தியான, அழகிய மரம். ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டால் ஊதாச் சாயல் குறைந்து பழுப்பாகும்.

வால்நட்: சாக்லேட் பழுப்பு நிறம். பெரும்பாலான மரங்கள் ஒளியில் கருக்க, இது காலப்போக்கில் சற்று வெளிறும் இயல்புடையது. உலகெங்கும் ஒலிபெருக்கிகளில் மிகுதியாகக் காணப்படும் மேற்பரப்புகளுள் ஒன்று.

ஓக்: வெளிர்நிறம், தெளிவான துளைகள். கருப்புச் சாயமேற்றினால் ரேகைகள் மறையாமல் நிற்கும்.

செர்ரி: வாங்கும்போது இளஞ்சிவப்பு. சில மாதங்களிலேயே கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கருத்துச் செம்பழுப்பாகும்.

சில்வர் ஓக்: நீலகிரி, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக நடப்படும் ஆஸ்திரேலிய மரம். பெரும்பாலும் ஒட்டுப்பலகைக்கே போகிறது. கால் சீவலில் எடுத்தால் பின்னல் போன்ற அழகிய கதிர்க்கோலம் கிடைக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையும் மர ஏடும்

பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலையில் உள்ள டாப்சிலிப் என்னும் இடத்தின் பெயரே மரத்தொழிலின் வரலாற்றைச் சொல்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் வெட்டிய தேக்கு மரங்களை மலையுச்சியிலிருந்து சரிவில் வழுக்கிவிட்டுக் கீழே கொண்டுவந்தனர். இவ்வாறு அழிந்த பகுதிகளில் தேக்குக் காட்டை மீண்டும் உருவாக்கியவராக நினைவுகூரப்படுபவர் வன அதிகாரி ஹ்யூகோ வுட். 1933-இல் மறைந்த அவருடைய கல்லறை டாப்சிலிப்பில் தேக்கு மரங்களின் நடுவே உள்ளது. மலையின் மேற்குப் புறத்தில், கேரளத்தின் நிலம்பூரில், 1840-களில் கனோலி என்ற மாவட்ட ஆட்சியரின் முயற்சியால் நடப்பட்ட தேக்குத் தோட்டம் உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டமாகப் போற்றப்படுகிறது.

தேக்கை நட்டு வளர்க்க முடிந்தது போல ஈட்டியை எளிதில் பெருக்க முடியவில்லை. அது மிக மெதுவாக வைரமேறும் மரம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. ஈட்டி மரங்களைக் காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவரப்பட்டது. தனியார் நிலத்தில் நிற்கும் ஈட்டியையும் விருப்பம்போல் வெட்ட முடியாதபடி அது கட்டுப்படுத்தியது. 2017 ஜனவரி 2 முதல், ஈட்டியை உள்ளடக்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைக்குள் வந்தது. பிரேசில் ஈட்டி 1992 முதலே அதன் மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் உள்ளது.

வெனீர் இதில் இருபக்கமும் கூர்மையுள்ள கத்தி போன்றது. ஒரு கன மீட்டர் மரத்தை 0.5 மி.மீ. ஏடுகளாகச் சீவினால், சேதாரத்தைக் கழிக்காத கணக்கில் 2,000 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். அதே மரத்தை 20 மி.மீ. பலகையாக அறுத்தால் 50 சதுர மீட்டர்தான். எனவே அரிய மரத்தை ஏடாகப் பயன்படுத்துவது சிக்கனம். மறுபுறம், நேராக நின்று முடிச்சின்றிப் பருத்த முதிய மரங்களே வெனீருக்கு மிகவும் விரும்பப்படுகின்றன. காட்டில் விதை தரும் சிறந்த மரங்களும் பெரும்பாலும் அவையே.

ஈட்டி ஏடு வாங்குவோர் முறையான பட்டியலுடன் வாங்க வேண்டும். வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு ஒலிபெருக்கியை அனுப்ப எண்ணினால், எடையையும் நோக்கத்தையும் பொறுத்துச் சான்றிதழ் தேவைப்படலாம். ஈட்டியின் நிறத்தை மட்டும் விரும்புவோருக்கு மறுசீரமைப்பு வெனீர் போதும். அடித்தளத்தைப் பொறுத்தவரை, சில ஆண்டுகளிலேயே ஒட்டுப்பலகைக்கு ஏற்ற பருமனை எட்டும் மலைவேம்பு, கொங்குப் பகுதி உழவர்களின் தோட்டங்களிலும் வளர்க்கப்படுகிறது. மேட்டுப்பாளையத்திலுள்ள வனக்கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய தொழில்முறை மரச் சாகுபடியை ஊக்குவித்து வருகிறது.

மரங்களின் நிறத்தையும் ரேகையையும் நேரில் அறிய விரும்பும் மாணவர்களுக்குக் கோயம்புத்தூரில் 1902-இல் தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகம் நல்ல இடம். மர மாதிரிகளின் சேகரிப்பு அங்கு உள்ளது.

இணைப் பொருத்தம்

ஒலிபெருக்கிகள் இரண்டாகவே வாங்கப்படுகின்றன. அறையில் எதிரெதிர் ஓரங்களில் நின்று ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன. ஒன்றில் அடர்நிறமும் மற்றொன்றில் வெளிர்நிறமும் இருந்தால், மரம் எவ்வளவு உயர்ந்ததாயினும் கண்ணை உறுத்தும். ஆதலால் வெனீர்த் தேர்வில் மர வகையைவிட இணைப் பொருத்தம் முதன்மையானது.

அடுத்தடுத்துச் சீவிய ஏடுகள் ஒரு கட்டாகவே விற்கப்படும். இரு பெட்டிகளுக்கும் ஒரே கட்டின் தொடர் ஏடுகளை எடுக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு ஏடுகளைப் புத்தகத்தைத் திறப்பது போல விரித்து வைத்தால், கோலம் கண்ணாடி பிம்பமாக அமையும். ஓர் ஏட்டை இடப்பெட்டிக்கும் அதன் எதிர் ஏட்டை வலப்பெட்டிக்கும் பயன்படுத்தினால் இரண்டும் உடன்பிறப்புகள் போல நிற்கும். ஒன்று உண்டு: விரித்த ஏடுகளில் ஒன்று மேல்முகமும் மற்றொன்று அடிமுகமும் காட்டுவதால் ஒளி சற்று வேறாகப் பட்டுச் சில மரங்களில் நிறவேறுபாடு தெரியும். அப்போது ஏடுகளைத் திருப்பாமல் வரிசையாகவே வைப்பது மேல்.

ரேகை மேலிருந்து கீழாக ஓடுவது வழக்கம். ஒரு பக்கப் பலகையில் ஏறும் ரேகை, மேற்பலகையைக் கடந்து மறுபக்கம் இறங்கும்படி ஒரே நீள ஏட்டிலிருந்து வெட்டி ஒட்டினால், பெட்டி ஒரே கட்டையில் குடைந்தது போலத் தோன்றும்.

தேவையான அளவைக் கணக்கிடுதல்

36 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலம், 28 செ.மீ. ஆழமுள்ள இரு பெட்டிகளை எடுத்துக்கொள்ளலாம். நான்கு பக்கப் பலகைகளுக்கு ஏறத்தாழ 0.40 ச.மீ., மேலும் கீழுமாக நான்கு பலகைகளுக்கு 0.22 ச.மீ., முன்னும் பின்னுமாக நான்குக்கு 0.29 ச.மீ. ஆக மொத்தம் 0.91 ச.மீ. கோலம் பொருத்துவதற்கும் ஓரம் நறுக்குவதற்கும் 30 விழுக்காடு சேர்த்தால் ஏறத்தாழ 1.2 ச.மீ., அதாவது சுமார் 13 சதுர அடி.

இந்தியச் சந்தையில் வெனீர் பெரும்பாலும் 8 அடிக்கு 4 அடி தகடாக, 4 மி.மீ. ஒட்டுப்பலகையின்மேல் ஒட்டப்பட்ட நிலையில் கிடைக்கிறது. அதன் பரப்பு 32 சதுர அடி. எனவே மேற்கண்ட இரு பெட்டிகளையும் ஒரே தகட்டிலிருந்து முடிக்கலாம். இரண்டாவது தகடு தேவைப்படாத வகையில் வெட்டும் படத்தை முதலிலேயே தாளில் வரைந்துகொண்டால் இணைப் பொருத்தம் தானாக அமையும். அழகு வெனீர் ஒட்டிய ஒட்டுப்பலகைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1328 என்ற தரக்குறியீடு உள்ளது.

4 மி.மீ. தகட்டில் ஒரு குறையும் உண்டு. மூலைகளில் அதன் அடுக்குகள் கோடாகத் தெரியும். இதை மறைக்க விளிம்புகளை 45 பாகையில் சாய்த்து வெட்டிச் சேர்க்கலாம், அல்லது அதே மரத்தின் மெல்லிய சட்டத்தை ஓரத்தில் பதிக்கலாம். விளிம்பை உருட்ட விரும்பினால் வளையக்கூடிய தனி ஏடு வேண்டும், அல்லது விளிம்பில் முழு மரச் சட்டம் வேண்டும். முன்பலகையின் கூர்விளிம்பில் ஒலி சிதறுவதைக் குறைக்க விளிம்பை உருட்டுவது ஒலியியலிலும் பயனுடையது. வெனீர் வேலை ஒலியை நேரடியாகத் தொடும் ஒரு சில இடங்களில் இதுவும் ஒன்று.

ஒட்டுதலும் சமநிலையும்

மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரிந்தும், உலர்ந்து சுருங்கியும் வாழும் பொருள். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 40 விழுக்காடாக இருக்கையில் மரம் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தில் நிலைபெறும். 80 விழுக்காட்டில் அது ஏறத்தாழ 16 விழுக்காடாகும். கோயம்புத்தூரில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வறண்ட வெப்பம், ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் தென்மேற்குக் காற்று, அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை என ஓராண்டுக்குள்ளேயே காற்றின் ஈரம் பலவாறு மாறுகிறது.

பலகையின் ஒரு முகத்தில் மட்டும் ஏடு ஒட்டினால், அந்த முகம் மட்டும் சுருங்கிப் பலகையைக் கிண்ணம் போல வளைக்கும். பெட்டி கோத்த பிறகு இந்த வளைவு மூட்டுகளில் விரிசலாக வெளிப்படும். மூடிய பெட்டியில் காற்றுக் கசிவுக்கும் வழியாகும். எனவே உள்முகத்திலும் ஏறத்தாழ அதே தடிமனுள்ள ஏட்டை, அதே நார்த்திசையில், பெட்டியைக் கோக்கும் முன்பே ஒட்ட வேண்டும். உள்ளே இருப்பது மலிவான ஏடாக இருக்கலாம். வெளியே விலையுயர்ந்த ஏடும் உள்ளே வெறும் பலகையுமாக விடுவதே வீட்டில் செய்யும் பெட்டிகளில் அடிக்கடி நேரும் பிழை.

வெள்ளைப் பசை நீரைக் கொண்டது. அதை அகலமாகத் தடவி, சமமான பலகைகளுக்கு நடுவே இறுக்கிப் பல மணி நேரம் வைக்க வேண்டும். ரப்பர் பசை உடனே ஒட்டும்; ஆனால் ஏட்டை நகர்த்திச் சரிசெய்ய முடியாது. கோடை வெப்பத்திலும், கரைப்பான் கலந்த மேற்பூச்சு படும்போதும் அது இளகிக் குமிழ் எழக்கூடும். மெல்லிய தனி ஏட்டுக்கு வெள்ளைப் பசையே பாதுகாப்பானது. ஒட்டி உலர்ந்தபின் நகத்தால் மெல்லத் தட்டினால், ஒட்டாத இடம் வெற்றொலி தரும்.

ஒலியலகுகளுக்கான வட்டத் துளைகளை ஏடு ஒட்டி, நன்கு உலர்ந்தபின் ரூட்டர் இயந்திரத்தால் வெட்டுவது நல்லது. கோயம்புத்தூரில் வார்ப்படத் தொழிலுக்கு மர மாதிரிகள் செய்யும் பட்டறைகள் உண்டு. துல்லிய அளவில் மரம் கடையும் அத்தகைய கைத்திறன் இவ்வேலைக்கும் பொருந்தும்.

மேற்பூச்சு

அரை மில்லிமீட்டர் ஏட்டை மின்சாரத் தேய்ப்பியால் தேய்த்தால் நொடியில் அடிப்பலகை தெரிந்துவிடும். நுண்மையான உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, நார்த்திசையில் கையால் தேய்ப்பதே முறை.

அரக்கை ஆல்கஹாலில் கரைத்துத் துணிப்பந்தால் பூசும் பிரெஞ்சு பாலிஷ் மரத்தின் ஆழத்தை அழகாகக் காட்டும். ஆனால் சூடான காப்பித் தம்ளரும் நீரும் அதில் வெண்தடம் பதிக்கும். மெலமைன் பூச்சு கடினமானது. தச்சர்கள் பரவலாக அறிந்தது. பாலியூரித்தேன் கீறலையும் ஈரத்தையும் மேலும் நன்றாகத் தாங்கும். அதற்குத் தூசியற்ற இடமும் தேர்ந்த கையும் வேண்டும். எண்ணெயும் மெழுகும் இயற்கையான தொடுவுணர்வைத் தரும். ஆனால் அவ்வப்போது மீண்டும் பூச வேண்டும்.

தேக்கும் ஓக்கும் பெரிய துளைகள் கொண்டவை. கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமானால் முதலில் துளைகளை நிரப்பியால் அடைக்க வேண்டும். தொலைக்காட்சிக்கு இருபுறமும் நிற்கும் ஒலிபெருக்கிகளுக்குப் பளபளப்பு ஏற்றதல்ல; திரையின் ஒளி அவற்றில் மின்னிக் கவனத்தைச் சிதறடிக்கும். அங்கு மங்கலான பூச்சே பொருத்தம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கையளவு மாதிரித் துண்டைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. முழுத் தகட்டையும் பகல் ஒளியில் நிறுத்திப் பார்க்க வேண்டும். பூச்சில்லாத ஏட்டின்மேல் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால், பூச்சுக்குப்பின் வரக்கூடிய நிறம் ஓரளவு தெரியும். வீட்டில் ஏற்கெனவே உள்ள கதவு, அலமாரி ஆகியவற்றின் நிறத்தோடு அதே அறையின் ஒளியில் ஒப்பிடுவது நல்லது. மிகச் சரியாக ஒத்துப்போகும் நிறத்தைத் தேடுவதைவிட, தெளிவாக வேறுபட்ட நிறத்தைத் தேர்வது பலநேரம் நன்றாக அமையும். ஏனெனில் இன்று ஒத்திருக்கும் இரு மரங்கள் நாளை ஒளியில் வெவ்வேறு திசையில் மாறும்.

பிற்காலப் பழுதுக்காக அதே கட்டின் ஓர் ஏட்டையாவது எடுத்து வைத்திருக்க வேண்டும். அதே மரம், அதே கோலம் மீண்டும் சந்தையில் கிடைக்காது.

பராமரிப்பு

இரண்டு ஒலிபெருக்கிகளுள் ஒன்று மட்டும் மேற்குச் சன்னலின் வெயிலில் நின்றால், சில ஆண்டுகளில் இணை வேறுபட்டுவிடும். திரைச்சீலை இடுவதோ, இடத்தை மாற்றி வைப்பதோ இதைத் தவிர்க்கும். முதல் சில மாதங்களுக்குப் பெட்டியின்மேல் பூச்சாடி, புகைப்படச் சட்டம் போன்றவற்றை ஒரே இடத்தில் வைத்திருந்தால், அவற்றின் அடியில் நிழல்தடம் பதியும். தூசியை உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும். நிறைந்த ஈரத்துணி ஏட்டின் ஓரங்களைக் கிளப்பிவிடும். ஓரத்தில் சிறிது பிரிந்தால், சீட்டு அளவு மெல்லிய தகட்டால் பசையை உள்ளே செலுத்தி, மேலே காகிதம் வைத்து ஒருநாள் இறுக்கி வைத்தால் பெரும்பாலும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். முறையாக ஒட்டிப் பூச்சிட்ட வெனீர், ஒலியலகுகள் பழுதாகி இருமுறை மாற்றப்பட்ட பிறகும் பெட்டியோடு நிலைத்திருக்கும்.